மூச்சை இழுக்கும்போது வந்த சத்தம்

"சளிதான் மேடம். நேத்துகூட மெஷின்ல மருந்துப் புகை வச்சாங்க. வச்சா கொஞ்ச நேரம் நல்லாருக்கா, பொறவு திரும்ப இழுக்கு" என்று போனில் சொன்னாள் சண்முகசுந்தரி.

ஜாஸ்லின் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பேச்சுக்குப் பின்னால் வந்த குழந்தையின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சுச் சளி என்றால் பெரும்பாலும் மூச்சை விடும்போதுதான் சத்தம் வரும். இது இழுக்கும்போது வந்தது. மழைக்கு ஊறிப்போன கதவைத் தள்ளினால் கீச்சிடுமே, அந்த மாதிரி ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு சத்தம்.

"சுந்தரி, போனைப் பிள்ளை வாய்க்கிட்ட கொண்டு போ."

"எதுக்கு மேடம்?"

"கொண்டு போம்மா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் எண்ணினாள். இருபத்தொன்பது. நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு மூச்சு. ஐந்து மாதக் குழந்தைக்கு அது அதிகம்.

"நாங்க குடுத்த மாத்திரையைக் கரைச்சுக் குடுக்கியா?"

போனில் குழந்தையின் இழுப்பு மட்டும் கேட்டது.

"சுந்தரி?"

"நிப்பாட்டிட்டோம் மேடம். இருவது நாளாச்சு."

ஜாஸ்லினுக்கு நாற்பத்துநான்கு வயது. நாசரேத்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன்பு, குழந்தைகளுக்கான அறுவை மருத்துவர் தனராஜ் அங்கே ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிறந்த சில வாரங்களில் சில குழந்தைகளுக்கு முகத்திலோ உடம்பிலோ செக்கச்செவேலென்று ரத்தக்குழாய்க் கட்டி கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை மருந்துக்குச் சுருங்கிவிடும். சில, பிறவியிலேயே கோணலாக அமைந்த ரத்தக்குழாய்கள். மருந்துக்கு அசையாது, கத்திதான் வைக்க வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முதல் மாத ஸ்கேன் படத்தை வைத்தே இது எந்த வகை என்று சொல்லிவிட முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. டாக்டர் ஸ்கேன் கருவியைக் கட்டியின் மேல் வைப்பார். படத்தை நிறுத்தி மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது, போட்டோ எடுத்து வைப்பது, மாதாமாதம் குழந்தைகளை வரவழைப்பது எல்லாம் ஜாஸ்லின்.

இந்த வேலைக்கு அவளாகவே கேட்டு வந்தாள். அவளுடைய இடது கன்னத்தில் உதட்டோரத்திலிருந்து தாடை வரை தோல் சுருங்கி இழுத்திருக்கும். ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது அங்கே இருந்த சிவப்புக் கட்டியைச் சுட்டு எடுத்தார்கள். அன்றைக்குத் தெரிந்த வைத்தியம் அது. சும்மா விட்டிருந்தாலே அது பெருமளவு வற்றிப்போயிருக்கும் என்று தனராஜ் முதல் கூட்டத்தில் பொதுவாகச் சொன்னதைக் கேட்டபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. மறுநாள் காலையில் போய், "சார், இந்த ஆராய்ச்சிக்கு ஆள் வேணும்னா நான் வாரேன்" என்றாள்.

சண்முகசுந்தரியின் மகள் தர்ஷிகா, ஆராய்ச்சிப் பட்டியலில் இருபத்துமூன்றாவது குழந்தை. இரண்டு மாதத்தில் கூட்டி வந்தார்கள். கீழுதடு, மோவாய், இரண்டு தாடை, கழுத்தின் முன்பக்கம் என்று சிவப்பு படர்ந்திருந்தது. மருந்து கொடுத்தார்கள், மங்கத் தொடங்கியது. ஐந்தாம் மாதம் வர வேண்டிய நாளில் வரவில்லை. ஜாஸ்லின் இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் பெயருக்கு எதிரே 'தொடர்பில் இல்லை' என்ற கட்டத்தை அழுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். அது நடந்து பன்னிரண்டு நாள்.

இன்று காலை அறிக்கைக்காகப் பழைய போட்டோக்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கை நின்றது. தர்ஷிகாவின் சிவப்பு படர்ந்திருந்த இடம் ஒரு ஆணுக்குத் தாடி வளரும் இடம். தாடிப் பகுதியில் கட்டி இருக்கும் குழந்தைகளில் சிலருக்குத் தொண்டைக்குள்ளும் ஒன்று இருக்கும் என்று தனராஜ் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஆராய்ச்சியில் அவர்கள் அளந்ததெல்லாம் வெளியே தெரிந்ததை மட்டும்தான். உடனே போனை எடுத்தாள். மூன்றாவது முறை சுந்தரி எடுத்தாள்.

இப்போது ஜாஸ்லின் போனை வைத்துவிட்டு ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கு ஓடினாள். தனராஜ் ஒரு கேஸை முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

"இழுக்கும்போதா, விடும்போதா?"

"இழுக்கும்போதுதான் சார். தெளிவாக் கேட்டேன்."

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "வேனை எடுத்துட்டுப் போங்க. ஐ.சி.யூ.விலருந்து நர்ஸ் ஜெபசெல்வியைக் கூட்டிக்குங்க. ஆக்சிஜன் இருக்கட்டும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, பிள்ளையை அழ விடக் கூடாது. அழுதா உள்ள இருக்கிற கட்டிக்கு ரத்தம் ஏறி வீங்கும். வழி அடைச்சிரும்."

காலை பதினொன்றரை மணி. டிரைவர் பெவின் திருச்செந்தூர் ரோட்டில் வண்டியை விரட்டினான். பழையகாயல் தாண்டி, முக்காணியில் வலப்பக்கம் திரும்பி, கொற்கைக்குப் போகும் வழியில் வாழைத்தோட்டத்துக்கு எதிரே இருந்தது சுந்தரியின் வீடு. வழி நெடுக ஜாஸ்லினுக்குப் பன்னிரண்டு நாள், பன்னிரண்டு நாள் என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

சுந்தரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கிட்டப் போனதும் ஜாஸ்லினுக்குத் தெரிந்துவிட்டது. போன மாதம் சாம்பல் பூத்து மங்கியிருந்த மோவாய் மறுபடியும் ரத்தச் சிவப்பாகப் புடைத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஜெபசெல்வி குழந்தையின் கால் விரலில் கருவியை மாட்டினாள். ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றொன்று காட்டியது.

"இப்பவே கெளம்பணும் சுந்தரி."

"அவுக வரட்டும் மேடம். ஹார்பர்ல டிரெய்லரோட நிக்காக, போன எடுக்க மாட்டேங்காக. அவுகள கேக்காம எப்படி வாரது?" அவள் குரல் இறங்கியது. "அந்த ஆஸ்பத்திரிக்கு இனிமே போவக் கூடாதுன்னு சொல்லிட்டாக. மாத்திர வாங்கப் போன எடத்துல மெடிக்கல் அண்ணாச்சி கேட்டாராம், இது பிரஷர் மாத்திரைலா, பச்சப்புள்ளைக்கி எதுக்குக் குடுக்கியன்னு. ஆராய்ச்சி பண்ண நம்ம புள்ளதான் கெடச்சுதான்னு அவுகளுக்கு ஒரே கோவம்."

ஜாஸ்லின் அவள் கையைப் பிடித்தாள். "ஏளா, உன் மாப்பிள்ளைட்ட நான் பேசுதேன். அவர் என்னைய என்ன வேணும்னாலும் சொல்லட்டும். நீ இப்ப பிள்ளை கழுத்தை மட்டும் பாரு. குழி விழுதுல்லா? இது சளி இல்ல. உள்ள கட்டி வளர்ந்து மூச்சு போற வழியை அடைக்குது."

சுந்தரி குனிந்து பார்த்தாள். குழந்தை பாலுக்கு வாயைத் திறந்து, இரண்டு முறை சப்பி, உடனே தலையைத் திருப்பிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தது.

"ரெண்டு நாளா இப்படித்தான் பண்ணுதா" என்றாள் சுந்தரி, யாரிடமோ சொல்வது போல. கதவைச் சாத்தினாள், பூட்டினாள், வண்டியில் ஏறிவிட்டாள்.

முள்ளக்காடு வரும்வரை குழந்தை அம்மாவின் தோளில் நிமிர்ந்து சாய்ந்தபடி கண் மூடியிருந்தது. அங்கே உப்பு ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து ரோட்டை மறித்து நின்றது. இரண்டு பக்கமும் கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. பெவின் ஹாரனில் கை வைத்து அழுத்தினான்.

குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. அழுகை முழுசாக வெளியே வரவில்லை. பாதியிலேயே அறுந்து, கீச்சென்று ஒரு இழுப்பு, மறுபடி பாதி அழுகை. உதட்டைச் சுற்றி நீலம் பாய்ந்தது.

"ஹாரன் அடிக்காத பெவின்! அடிக்காத!"

எண்பத்திரண்டு என்றது கருவி. எழுபத்தெட்டு. மாஸ்க்கை முகத்தில் வைத்தால் இன்னும் அழும் என்று ஜெபசெல்வி ஆக்சிஜன் குழாயை மூக்குக்கு நேரே சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். சுந்தரி குழந்தையின் காதருகே வாயை வைத்து, "ஒண்ணுல்ல கண்ணு, ஒண்ணுல்ல, அம்மா இருக்கேன்லா" என்று சொல்லிக்கொண்டே முதுகைத் தடவினாள். குரலை நடுங்க விடவில்லை.

பெவின் இறங்கி ஓடினான். வரிசையில் நின்ற ஒவ்வொரு டிரைவரிடமும் போய்ச் சொன்னான். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டை விட்டு மணலில் இறங்கின. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. உப்பு லாரியின் ஓரத்தில் ஒரு வண்டி நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தனராஜ் தியேட்டர் உடுப்போடு நின்றிருந்தார்.

மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கம்பி போன்ற கேமராவைத் தொண்டைக்குள் இறக்கினார்கள். திரைக்கு முன்னால் நின்று படத்தைப் பதிவு செய்ய வேண்டியது ஜாஸ்லின். குரல்நாண்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அதற்குக் கீழே கேமரா இறங்கியது. மூச்சுக்குழாயின் இடது சுவரிலிருந்து வழவழவென்று ஒரு சிவந்த புடைப்பு எதிர்ச்சுவரைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த வழி ஒரு நெல்லின் பருமன்தான்.

"முக்கால்வாசிக்கு மேல அடைச்சிருக்கு" என்றார் தனராஜ். "இருக்கிறதுலயே சின்னக் குழாயைக் குடுங்க."

முதல் முறை குழாய் இறங்கவில்லை. புடைப்பில் முட்டி நின்றது. எழுபத்தொன்று. அறுபத்து நாலு. கருவியின் கூவல் தாழ்ந்துகொண்டே போனது. ஜாஸ்லின் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சார், வலப்பக்கம் கீழ கொஞ்சம் இடம் தெரியுது" என்றாள். தனராஜ் குழாயைக் கொஞ்சம் திருப்பினார். இறங்கியது. இருபது விநாடி எண் அசையவில்லை. பிறகு எழுபது, எண்பத்தொன்று, தொண்ணூற்றாறு.

கை கழுவிக்கொண்டே அவர் சொன்னார்: "மருந்தை மறுபடி ஆரம்பிச்சாச்சு. மூணு நாள் பார்ப்போம். கட்டி கேட்டாச் சரி. கேக்கலேன்னா கழுத்துல துளை போட்டுத்தான் ஆகணும். ரெண்டு வருஷமாவது அந்தத் துளையோட இருக்கும்."

சுந்தரியின் கணவன் செந்தூர்வேல் ஹார்பரிலிருந்து நேரே வந்தான். மேலே பளபளக்கும் பட்டை போட்ட சட்டை, கழுத்தில் ஹார்பர் நுழைவு பாஸ். கண்ணாடிக்குள் மூக்கிலும் கையிலும் குழாய்களோடு கிடந்த மகளைப் பார்த்தான். திரும்பி, நடைபாதையில் நின்ற ஜாஸ்லினிடம் வந்தான்.

"நீங்கதான மேடம் அன்னிக்கி கையெழுத்து வாங்குனது? எம் புள்ள என்ன எலியா? பிரஷர் மாத்திரையக் குடுத்து என்னத்த ஆராய்ச்சி பண்ணுதீய?"

சுந்தரி, "ஏங்க, அவுகதான் வந்து…" என்று எழுந்தாள். ஜாஸ்லின் அவளைத் தடுத்தாள்.

"நீங்க கேக்கிறது சரிதான். அது பிரஷர் மாத்திரைதான். பெரியவங்களுக்குப் பிரஷருக்குக் குடுக்கிறது. இந்தக் கட்டியையும் அது சுருக்குதுன்னு ஏதோ ஒரு பிள்ளைக்கு நெஞ்சுக் கோளாறுக்குக் குடுக்கும்போது தற்செயலாத்தான் தெரிஞ்சுது. இப்ப எல்லா ஊர்லயும் இதுக்கு முதல் மருந்து அதுதான். ஆராய்ச்சி மருந்துல இல்ல, படம் எடுக்கிறதுல மட்டும்தான்."

"அத அன்னிக்கே ஏன் சொல்லல?"

"அந்தத் தாள்ல இருந்துச்சு. வாசிச்சுக் காட்டுனேன். ஆனா புரியிற மாதிரி சொல்லல." அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். "இன்னொண்ணும் உங்ககிட்ட நான் சொல்லணும். நீங்க வரலைன்னதும் ரெண்டு தடவை போன் பண்ணிட்டு, தொடர்பில் இல்லைன்னு போட்டுட்டு நான் என் வேலையைப் பாத்துட்டேன். அன்னிக்கே வந்து பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு நிமிர்ந்திருந்த தோள் இறங்கியது. அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான்.

"ஒங்க கன்னத்துல இருக்கது…"

"இதே கட்டிதான். எனக்கு மாத்திரை இல்ல, சுட்டாங்க."

செந்தூர்வேல் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். "தெரிஞ்சிருந்தா நிப்பாட்டிருக்க மாட்டோம் மேடம்" என்றான்.

முதல் நாள் எந்த மாற்றமும் இல்லை. ஸ்கேனில் மோவாய்க் கட்டியின் கனம் ஒன்பது மில்லிமீட்டர். காலையிலும் ஒன்பது, சாயங்காலமும் ஒன்பது. உள்ளே இருப்பதை அடிக்கடி கேமரா விட்டுப் பார்க்க முடியாது. வெளியே இருப்பது சுருங்கினால் உள்ளே இருப்பதும் சுருங்கும் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் காலையில் குளுக்கோஸ் ஏறிய ஊசி நரம்பை விட்டு நழுவியிருந்தது. வேறு நரம்பு தேடிக்கொண்டிருந்தார்கள். அதே நேரம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ஜாஸ்லின் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்ததால், மூக்குக் குழாய் வழியே கொடுக்க வேண்டிய பாலும் தள்ளிப்போனது. மருந்து நேரம் வந்தது. ஜெபசெல்வி சிரிஞ்சை எடுத்தவள், குழந்தையின் உள்ளங்கால் வியர்த்திருப்பதைப் பார்த்துக் கையை நிறுத்தினாள். குத்திப் பார்த்தால் சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. இந்த மருந்தை வெறும் வயிற்றில் கொடுத்தால் சர்க்கரை இன்னும் இறங்கும், வலிப்பு வரும். அடுத்த அரை மணி நேரம் அந்தக் கட்டிலைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். எண்பது வந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தனராஜ் ஜாஸ்லினைத் தனியே கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "பிள்ளை பால் குடிச்ச பிறகுதான் படம். ஆராய்ச்சி காத்திருக்கும்."

"சரி சார்." பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, நடந்ததை நடந்தபடி செந்தூர்வேலிடமும் சுந்தரியிடமும் சொன்னாள். அவன் முகம் கறுத்தது. ஆனால் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. "இப்ப எத்தன?" என்று மட்டும் கேட்டான்.

"எண்பத்தாறு."

"கட்டி?"

"இன்னும் பாக்கல. மத்தியானம் பால் குடுத்த பிறகு பாப்போம்."

மத்தியானம் எட்டு. சாயங்காலம் ஏழு. மோவாயின் ரத்தச் சிவப்பில் லேசாக ஒரு நீலச் சாம்பல் விழுந்திருந்தது. சுந்தரிதான் அதை முதலில் கண்டாள். "நெறம் மாறிருக்குல்லாக்கா?" என்றாள். மேடம் என்று கூப்பிடுவதை அவள் விட்டிருந்தாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் ஜெபசெல்வி குழந்தையின் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். குழாயின் ஓரமாகக் காற்று கசியும் சத்தம் கேட்கிறது என்றாள். முதல் நாள் கட்டி குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. இப்போது குழாயைச் சுற்றி இடம் உண்டாகியிருக்கிறது.

பதினோரு மணிக்குக் குழாயை எடுப்பதென்று முடிவானது. எடுத்து மூச்சு வரவில்லையென்றால் மறுபடி போட முடியுமா என்பது உறுதியில்லை. அதனால் கழுத்தில் துளை போடும் கருவிகள் இருந்த தட்டையும் திறந்து வைத்தார்கள். அந்தத் தட்டைப் பார்த்த சுந்தரி வெளியே போய்விட்டாள். செந்தூர்வேல் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான்.

தனராஜ் பிளாஸ்டரை உரித்துக் குழாயை உருவினார்.

குழந்தையின் நெஞ்சு அசையவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. ஜெபசெல்வி பாதத்தைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். தொண்ணூற்று மூன்று, தொண்ணூறு. தனராஜின் கை தட்டின் பக்கம் நகர்ந்தது.

ஒரு இருமல். அதன் பின்னால் மூச்சு. தொண்டைக்குழி விழுந்தது, ஆனால் ஆழமாக இல்லை. பிறகு கரகரத்த ஓர் அழுகை. அறுபடாமல், முழு நீளத்துக்கு. இழுக்கும்போது இன்னும் மெல்லிய கீச்சு இருந்தது. தனராஜ் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் வைத்து ஒரு நிமிடம் கேட்டார்.

"நாலு மணி நேரம் இப்படியே இருந்தாத் தட்டை மூடிரலாம்" என்றார்.

மூன்று மணிக்கு ஜெபசெல்வி தட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள். சுந்தரி உள்ளே வந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனார்கள். அதற்கு மறுவாரம் ஜாஸ்லின், பன்னிரண்டு நாள் கதையையும் தள்ளிப்போன பாலையும் தன் கையாலேயே எழுதி, ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் குழுவுக்குக் கொடுத்தாள். ஒரு மணி நேரம் அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சில விதிகளும் மாறின. தாடிப் பகுதியில் கட்டி இருந்தால் முதல் வாரமே தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். வர வேண்டிய நாளில் ஒரு குழந்தை வராவிட்டால் இரண்டு நாளுக்குள் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் ஜாஸ்லின்தான். ஆலந்தலைக்கும் உடன்குடிக்கும் அவள் ஸ்கூட்டரிலேயே போய் வருகிறாள்.

கையெழுத்து வாங்கும் தாளையும் புதிதாக எழுதினாள். எழுதி முடித்ததை செந்தூர்வேலிடம் கொடுத்து, புரியாத வரியை அடிக்கச் சொன்னாள். அவன் வண்டியில் வைத்து வாசித்து, பதினான்கு வரியை அடித்துக் கொண்டுவந்தான். "இதெல்லாம் யாருக்கு எழுதிருக்கீய?" என்று கேட்டான். அவள் மறுபடி எழுதினாள். இரண்டாம் முறை மூன்று வரிதான் அடித்திருந்தான்.

தர்ஷிகாவுக்கு ஒன்றேகால் வயது ஆனபோது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள். மோவாயில் வெளிறிய தொளதொளத்த தோல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அது முழுசாகப் போகாது என்று சுந்தரியிடம் ஜாஸ்லின் மறைக்காமல் சொன்னாள். "இருக்கட்டும்க்கா" என்றாள் சுந்தரி.

போன மாதம் கடைசி கேமராப் பரிசோதனை நடந்தது. திரையில் மூச்சுக்குழாய் வெளிர்ச் சிவப்பாக, வட்டமாக, நெடுகத் தெரிந்தது. இடது சுவரில் ஒரு சின்னத் தழும்பு போல ஏதோ இருந்தது, அவ்வளவுதான். ஜாஸ்லின் அளந்து, பதிவு செய்து, வெளியே வந்தாள். செந்தூர்வேல் எழுந்து நின்றான்.

"திறந்திருக்கு. நல்லாத் திறந்திருக்கு" என்றாள்.

"எத்தன மில்லி?"

"அஞ்சரை."

அவன் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தான். பிறகு போனை எடுத்து ஹார்பர் சூப்பர்வைசரிடம், இன்றைக்கு வேலைக்கு வர மாட்டேன் என்று சொன்னான்.